பாட்டிலில் மட்டும் புளிக்கும் பீர்: சாமான்களைக் கழுவுவதும் சானிடைஸ் செய்வதும்

கேள்வி சுருக்கமாக இது. ஒருவர் 20 லிட்டர் அளவில் வீட்டில் பீர் காய்ச்சுகிறார். கடைசி மூன்று பேட்சும் ஃபெர்மென்டரில் (பீர் நொதிக்கும் பாத்திரத்தில்) இருந்தவரை நன்றாகவே இருந்தன. பாட்டிலில் அடைத்து மூன்று வாரம் போனதும் எல்லாப் பாட்டிலும் புளிக்கிறது, மூடியைத் திறந்தால் நுரை பொங்கி வழிகிறது. வாளி, டியூப், பாட்டில் எல்லாவற்றையும் பாத்திர சோப்பால் தேய்த்து, பிளீச் தண்ணீரில் முக்கி எடுத்து வந்திருக்கிறார். அடுத்து ஸ்டார் சான் என்ற அமிலச் சானிடைசரை வாங்கி, லேபிளில் சொன்ன அளவைப்போல் இரண்டு மடங்கு கலந்தும் பார்த்துவிட்டார். பலன் இல்லை. இதைவிட வலுவான சானிடைசர் எது என்று கேட்கிறார்.

கையில் இருக்கும் சானிடைசரே போதும். மூன்று பேட்சும் ஒரே மாதிரி கெட்டிருக்கிறது என்றால், எங்கோ ஓர் இடத்தில் பழைய பீர் தங்கி, அதில் கிருமி குடியிருக்கிறது. சானிடைசர் அந்த இடத்தைத் தொடவே இல்லை. முதலில் அது எந்த இடம் என்று பார்க்கலாம்.

ஃபெர்மென்டரில் சுவை சரியாக இருந்தது, எல்லாப் பாட்டிலும் கெட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாமான்கள் மேல் விழும்: சைஃபன் (பீரை இழுத்து மாற்றும் குழாய்), டியூப், பாட்டிலிங் வாளி, வாளியின் டேப் (திறந்து மூடும் குழாய்), பாட்டிலுக்குள் விடும் நிரப்புக் குழல். ஐம்பது பாட்டிலில் நாலைந்து மட்டும் கெட்டிருந்தால் பாட்டில்களைச் சந்தேகிக்கலாம். ஃபெர்மென்டரிலேயே புளிப்பு தட்டியிருந்தால், வோர்ட் (முளைகட்டிய தானியமான மால்ட்டிலிருந்து எடுத்த, ஈஸ்ட் போடாத சாறு) ஆறியதற்குப் பிறகு தொட்ட எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு விஷயத்தை மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள். பொங்குவது எல்லாமே கிருமியால் அல்ல. நொதித்தல் முடியும் முன்பே அடைத்தாலும், அடைக்கும்போது வாயுவுக்காகப் போடும் சர்க்கரை சரியாகக் கலக்காமல் போனாலும் பொங்கும். ஆனால் அப்போது புளிக்காது. கெட்ட பாட்டில் ஒன்றைத் திறந்து, வாயுவை முழுக்க வெளியேற்றிவிட்டு கிராவிட்டியை, அதாவது பீரின் அடர்த்தியை, ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். அடைக்கும்போது 1.012 இருந்தது இப்போது 1.004 என்று காட்டினால், உங்கள் ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரையை வேறு ஏதோ தின்றுகொண்டிருக்கிறது. புளிப்பு இல்லாமல் கிராவிட்டி மட்டும் இறங்கிக்கொண்டே போனால், சாதாரண ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரினையும் உடைத்துத் தின்னும் டையாஸ்டாட்டிகஸ் வகை ஈஸ்டை நினைக்கலாம். புளிப்பும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ் அல்லது பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா. வெண்ணெய் மணமும், ஊற்றினால் நூல் இழுப்பதுபோன்ற கொழகொழப்பும் இருந்தால் பெடியோகாக்கஸின் கைவரிசை. வினிகர் வாடை வந்தால் அசிட்டோபாக்டர். அதற்குக் காற்று வேண்டும் என்பதால் நன்றாக மூடிய பாட்டிலில் அது அதிகம் தலைகாட்டாது.

இவை எதுவும் அபூர்வமானவை அல்ல. மால்ட்டின் உமியில் லாக்டோபேசில்லஸ் எப்போதும் உண்டு. அதனால்தான் தானியம் அரைக்கும் அறையில் ஃபெர்மென்டரைத் திறக்கக் கூடாது. பெரிய ஆலைகளே இதில் அடி வாங்கியிருக்கின்றன. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட் வளர்த்ததன் பின்னணியில் இருந்ததும், காட்டு ஈஸ்ட் கலந்து பீர் கெட்டுப்போகும் இதே தலைவலிதான்.

கழுவுவது ஒரு வேலை, சானிடைஸ் செய்வது இன்னொரு வேலை

கழுவுதல் என்றால் ஒட்டியிருக்கும் புரதம், ஹாப் பிசின், ஈஸ்ட் படிவு, சர்க்கரை எல்லாம் போகும்வரை நீக்குவது. சானிடைஸ் என்றால் அப்படிச் சுத்தமான பரப்பில் மிஞ்சிய நுண்ணுயிர்களை, நாம் போடும் ஈஸ்ட் எளிதில் முந்திக்கொள்ளும் அளவுக்குக் குறைப்பது. ஒன்றுகூட மிச்சமில்லாமல் கொல்வதற்கு ஸ்டெரிலைஸ் என்று பெயர். பீருக்கு அது தேவையில்லை, ஈஸ்ட் வளர்க்கும் சோதனைக் குழாய்களுக்குத்தான் தேவை.

அழுக்கின் மேல் சானிடைசர் ஊற்றினால் என்ன ஆகும்? குளோரினும் அயோடினும் எதிரே வரும் கரிமப் பொருளோடு வினைபுரிந்து அதிலேயே தீர்ந்துவிடும். அடியில் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் எட்டாது. ஸ்டார் சான் போன்ற அமில வகை மேல் படலத்தை நனைத்துவிட்டு நின்றுவிடும். கிருமிகள் சும்மா உட்கார்ந்திருப்பதும் இல்லை. ஈரமும் சர்க்கரையும் கிடைத்தால் தங்களைச் சுற்றி ஒரு பிசின் உறை கட்டிக்கொள்கின்றன. உயிரிப்படலம் என்பது இதுதான். டியூபின் உட்பக்கத்தை விரலால் தடவும்போது வழுக்குகிறதே, அந்த வழவழப்பு. இதைச் சானிடைசர் கரைக்காது. சூடான காரமும், ஊறும் நேரமும், தேய்ப்பும்தான் கரைக்கும். அளவை இரட்டிப்பாக்கியதால் பயன் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுவே. அதோடு, அலசத் தேவையில்லை என்ற வாக்குறுதி லேபிளில் சொன்ன அளவுக்கு மட்டும்தான். இரண்டு மடங்கு கலந்தால் சுவையில் தெரியும்.

எல்லாச் சாமானுக்கும் ஒரே கண்டிப்பு தேவையில்லை. கொதிக்கும் வோர்ட் படும் பானை, கரண்டி, மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் மாஷ் பாத்திரம் எல்லாம் கழுவியிருந்தால் போதும். கொதியே மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வோர்ட் ஆறத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். அதற்குப் பிறகு தொடும் ஒவ்வொன்றும், கத்தரிக்கோல், ஈஸ்ட் பாக்கெட்டின் வெளிப்பக்கம், வெப்பமானி, உங்கள் கை உட்பட, சானிடைஸ் ஆகியிருக்க வேண்டும்.

இந்த எல்லைக்கோட்டில் ஒரு பொறி உண்டு: பானையின் அடியில் இருக்கும் பால் வால்வு, அதாவது உள்ளே ஓர் உருண்டை திரும்பித் திறந்து மூடும் வால்வு. பானை கொதிக்கும்போது வால்வும் கொதிக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். மூடிய வால்வுக்குள் போன தடவை தங்கிய வோர்ட், உருண்டைக்கும் டெஃப்லான் வளையத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் அழுகிக் கிடக்கும். ஆறிய வோர்ட் வெளியே போவது அந்த வழியாகத்தான். மூன்று துண்டாகக் கழற்றும் வால்வாக இருந்தால், நாலைந்து பேட்சுக்கு ஒருமுறை போல்ட்டைக் கழற்றி உருண்டையை வெளியே எடுத்துக் கழுவுங்கள். காய்ச்சும் நாளில், கொதி முடியப்போகும் கடைசி 10 நிமிடத்தில், கைக்கு வெப்பம் தாங்கும் கையுறை போட்டுக்கொண்டு, கொதிக்கும் வோர்ட்டை ஒரு லிட்டர் அளவுக்கு வால்வு வழியாக ஒரு ஜக்கில் பிடித்துத் திரும்பப் பானையிலேயே ஊற்றுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் உள்ளே நன்றாகச் சூடேறிவிடும்.

கழுவ என்ன பயன்படுத்துவது

பாத்திர சோப்பு இந்த வேலைக்குச் சுமாரானதுதான். எண்ணெய்ப் பசையை எடுக்கும், காய்ந்த ஈஸ்ட் வளையத்தை எடுக்காது. வாசனை சேர்த்தது என்றால் பிளாஸ்டிக்கில் ஏறிக்கொள்ளும். அலசாமல் மிஞ்சிய சோப்பு பீரின் நுரையைக் கொன்றுவிடும். பானையைக் கழுவ வாசனையில்லாத சோப்பு பரவாயில்லை, ஃபெர்மென்டருக்கு வேண்டாம்.

வீட்டளவில் நான் முதலில் சொல்வது சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் போட்டதும் சலவை சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெராக்சைடு. சோடாவின் காரம் புரதத்தையும் பிசினையும் இளக்கும், பெராக்சைடிலிருந்து கிளம்பும் குமிழி அழுக்கைப் பரப்பிலிருந்து தள்ளிவிடும். லிட்டருக்கு 5 முதல் 10 கிராம், தண்ணீர் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ், குறைந்தது அரை மணி நேரம். காய்ந்துபோன அழுக்கு என்றால் ராத்திரி முழுக்க ஊறட்டும். பச்சைத் தண்ணீரில் கலந்தால் பாதி வேலைகூட நடக்காது. பெர்கார்பனேட் வேலை செய்யவில்லை என்று குறைபடுபவர்களில் பலர் செய்யும் தவறு இதுதான். பிபிடபிள்யூ என்ற பெயரில் கிடைக்கும் பொடியில் இதோடு சோடியம் மெட்டாசிலிகேட்டும், கடினநீரின் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பொருட்களும் சேர்ந்திருக்கும். அதற்கும் அதே வெப்பம், அதே நேரம். அளவு லேபிளில் உள்ளபடி.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. கரைசல் உள்ளே இருக்கும்போது எதையும் இறுக்கி மூடாதீர்கள். ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும், கண்ணாடியாக இருந்தால் உடையும். கலந்த கரைசலை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். சில மணி நேரத்தில் பெராக்சைடு போய் வெறும் சோடாத் தண்ணீர்தான் மிஞ்சும். கரைசலைப் பரப்பின் மேல் காயவும் விடாதீர்கள். கடினநீராக இருந்தால் கால்சியம் கார்பனேட் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். வினிகரை நாலு பங்கு தண்ணீரில் கலந்து அலசினால் அது போய்விடும்.

பாத்திரம் எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். பிஇடி பிளாஸ்டிக் ஃபெர்மென்டரில் 50 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் ஊற்றினால் சுருங்கிக் கோணலாகும். கண்ணாடிக் குடுவையில் திடீரென்று வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். முதலில் வெதுவெதுப்பாக ஒரு தடவை அலசிவிட்டுப் பிறகு சூடேற்றுங்கள். சோப்புக் கையால் ஈரமான பெரிய கண்ணாடிக் குடுவையைத் தூக்குவது, இந்தப் பொழுதுபோக்கில் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகும் வழி. அலுமினியப் பானையைக் காரக் கரைசலில் ஊறவைத்தால் கறுத்து அரிக்கும். அதன் சாம்பல்நிற ஆக்சைடு படலத்தைப் பளபளப்பாகத் தேய்த்து எடுக்கவும் கூடாது, பானைக்குப் பாதுகாப்பே அந்தப் படலம்தான். செம்புக் குளிர்விப்புச் சுருளில் பச்சைக் களிம்பு தெரிந்தால் வினிகரால் துடைத்து எடுத்துவிட்டுத்தான் வோர்ட்டில் இறக்க வேண்டும், அது நச்சு. சுத்தமான சுருளைக் கொதியின் கடைசி 15 நிமிடம் வோர்ட்டுக்குள் வைத்தால் வேறு சானிடைசர் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை இரும்பு நாரால் தேய்த்தால் நாரின் துகள் ஒட்டி, அங்கே துரு பிடிக்கும்.

பிளாஸ்டிக் வாளிக்குள் பச்சை ஸ்க்ரப்பர் போகவே கூடாது. கீறல் கண்ணுக்கு மயிரிழை போலத் தெரிந்தாலும், பாக்டீரியாவுக்கு அது பள்ளத்தாக்கு. மெல்லிய துணி அல்லது ஸ்பாஞ்சின் மென்மையான பக்கம் போதும். வராத அழுக்கை அழுத்தித் தேய்க்காமல் இன்னும் ஒரு இரவு ஊறவிடுங்கள். வாளிக்குள் வாளி அடுக்கி வைத்தாலும் கீறல் விழும்.

ஸ்டீல் பாத்திரத்தில் சொரசொரப்பாக, பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு தகடு ஏறியிருந்தால் அது பீர்க்கல்: கால்சியம் ஆக்சலேட்டும் புரதமும் சேர்ந்த படிவு. காரத்துக்கு அசையாது, வினிகருக்கும் சரியாக அசையாது. பாஸ்பாரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த ஆலைக் கழுவியை லேபிளில் சொன்னபடி, கையுறையும் கண்ணாடியும் அணிந்து பயன்படுத்த வேண்டும். பேட்ச் முடிந்த அன்றே கழுவுகிறவர்களுக்கு இது பல வருடம் வரை வராது.

டேப்பைக் கழற்றுங்கள்

உங்கள் பிரச்சினைக்கு நான் பந்தயம் கட்டுவது இங்கேதான். பாட்டிலிங் வாளியின் பிளாஸ்டிக் டேப் ஒரே துண்டு போலத் தெரியும். உண்மையில் வெளிக்கூடு ஒன்று, அதற்குள் திருகும் உருளை ஒன்று என இரண்டு துண்டு. டேப்பை மூடும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு படலம் பீர் சிக்கிக்கொள்ளும். வாளியில் சானிடைசர் நிரப்பி டேப்பைத் திறந்து ஓட்டினாலும், உருளையின் ஓட்டை வழியாக ஓடுமே தவிர அந்த இடுக்குக்குள் போகாது.

வாளியின் உட்பக்கம் இருக்கும் நட்டைக் கழற்றி டேப்பை வெளியே எடுங்கள். 60 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். வெளிக்கூடு கொஞ்சம் இளகும். பிறகு பீர் வெளியே வரும் மூக்கின் பக்கத்திலிருந்து உருளையைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் மேல்பக்கமாகக் கழன்று வரும். வரவில்லை என்றால் மரக்கரண்டியின் காம்பால் தள்ளுங்கள், கத்தி வேண்டாம். கழன்றதும் உருளையின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு வளையமும், மூக்கிலிருந்து புளித்த வாடையும் வந்தால் தேடியது கிடைத்துவிட்டது. பெர்கார்பனேட்டில் ஊறவைத்து, சிறிய பாட்டில் பிரஷ்ஷால் இரண்டு துண்டையும், நட்டின் மரையையும், ரப்பர் வாஷரின் இருபக்கமும் தேயுங்கள். அலசிச் சானிடைசரில் முக்கி, ஈரத்தோடேயே உருளையை உள்ளே அழுத்தி மாட்டுங்கள். நட்டைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டால் வாஷர் பிதுங்கி ஒழுகும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒழுக்குப் பார்த்துவிட்டு வையுங்கள். ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும். பிரிக்கவே முடியாத டேப் என்றால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

ஃபெர்மென்டரிலும் டேப் இருந்து, அதில் சாம்பிள் பிடிக்கும் வழக்கமும் இருந்தால், பிடித்த பிறகு மூக்கில் சொட்டும் பீர்தான் அடுத்த வாரத்துக் கிருமிப் பண்ணை. 70 சதவீத ஆல்கஹாலை மூக்குக்குள் தெளியுங்கள், சாம்பிளுக்கு முன்னாலும் பின்னாலும். ஹைட்ரோமீட்டர் குழாயில் எடுத்த பீரைத் திரும்ப உள்ளே ஊற்றும் சிக்கனமும் வேண்டாம்.

டியூப் விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. உள்ளே பிரஷ் போகாது, வளைவில் தண்ணீர் தேங்கும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மூன்று நாளில் பூஞ்சை. பயன்படுத்தியதும் வெந்நீர் ஓட்டி, பெர்கார்பனேட் நிரப்பி ஊறவைத்து, அலசி, இரண்டு முனையும் கீழே தொங்கும்படி காயப்போடுங்கள். மங்கலாகத் தெரிந்தாலோ, வாடை அடித்தாலோ, உள்ளே வழவழப்பு இருந்தாலோ மாற்றிவிடுங்கள். கெட்ட பீர் ஓடிய டியூபைக் காப்பாற்ற முயலவே வேண்டாம். சிலிக்கான் டியூப் என்றால் 10 நிமிடம் கொதிக்கவைக்கலாம் என்பது ஒரு வசதி. ஆட்டோ சைஃபனின் அடி மூடியையும், உள்குழாயின் நுனியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் கழற்றுங்கள். பாட்டில் நிரப்புக் குழலின் நுனியை இழுத்தால் ஊசியும் ஸ்பிரிங்கும் தனியாக வரும். அதற்குள்ளும் பழைய பீர் இருக்கும்.

பாட்டில்களில் நேரத்தை வீணடிப்பவர்கள் அதிகம். குடித்து முடித்த உடனே மூன்று தடவை குலுக்கி அலசிக் கவிழ்த்து வைத்தால், பிறகு சானிடைஸ் மட்டும் போதும். அடியில் ஈஸ்ட் காய்ந்துவிட்டால்தான் ஊறவைப்பதும் பிரஷ்ஷும். பெர்கார்பனேட்டில் ஒரு இரவு ஊறினால் பெரும்பாலான லேபிளும் தானே கழன்றுவிடும். கழுவியதும் ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்துக் கழுத்துப் பக்கம் பாருங்கள். பீர் நின்ற மட்டத்தில் மெல்லிய வளையம் தெரிந்தால் அந்தப் பாட்டிலில் ஏதோ வளர்ந்திருக்கிறது. பிரஷ்ஷுக்குப் போகவில்லை என்றால் அந்தப் பாட்டிலை விட்டுவிடுங்கள். மூடிகளைச் சானிடைசரில் போட்டு எடுத்தால் போதும். கொதிக்கவைத்தால் உட்புற லைனர் கெட்டு வாயு கசியும்.

இனி சானிடைசர்

எதைப் போட்டாலும் அதற்கு முன் காரக் கழுவியை முழுக்க அலசியிருக்க வேண்டும். மிஞ்சிய சோடா, அமிலச் சானிடைசரின் பிஎச் மதிப்பை உயர்த்தி அதைச் செயலிழக்க வைத்துவிடும். பரப்பைத் தொட்டால் வழுக்குகிறதா என்று பாருங்கள். வழுக்கினால் இன்னொரு தடவை அலசுங்கள்.

ஸ்டார் சான் என்பது பாஸ்பாரிக் அமிலமும் டோடெசைல்பென்சீன் சல்ஃபோனிக் அமிலமும். 19 லிட்டருக்கு 30 மி.லி., அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை மி.லி. சிறிய அளவுக்கு ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்துகொள்ளுங்கள், கண்ணளவு வேண்டாம். பரப்பு ஒன்றிரண்டு நிமிடம் நனைந்தே இருக்க வேண்டும், பிறகு வடிய விட்டால் போதும். நுரை மிஞ்சினால் கவலை இல்லை. 20 லிட்டர் கலந்து வாளியை நிரப்பத் தேவையும் இல்லை. நாலைந்து லிட்டர் கலந்து உருட்டிப் புரட்டலாம், ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடிக்கலாம். பிஎச் 3-க்குக் கீழே இருக்கும்வரைதான் வேலை செய்யும். கடினநீரில் கலந்தால் உடனே பால்போல் கலங்கும், சீக்கிரம் தளர்ந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் வாரக்கணக்கில் வரும். பிஎச் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலங்கியிருக்கிறதா தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட அது நம்பகமானது. இதில் எதையும் நாள்கணக்கில் ஊறவைக்காதீர்கள். ரப்பரும் வினைல் டியூபும் பிசுபிசுக்கும், பித்தளை அரிக்கும்.

அயோடோஃபர் எனக்குப் பிடித்த இரண்டாவது தேர்வு. 1.75 சதவீத அயோடின் உள்ளது என்றால் 19 லிட்டருக்கு 15 மி.லி.; ஏறக்குறைய 12.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 12.5 பங்கு) கிடைக்கும். பச்சைத் தண்ணீரிலோ வெதுவெதுப்பிலோ கலக்க வேண்டும், சூட்டில் அயோடின் ஆவியாகிப் போய்விடும். இரண்டு நிமிடம் போதும். அவசரம் இல்லாவிட்டால் பத்து நிமிடம் வைக்கலாம். அலசாமல் வடிய விடலாம். இளம் மஞ்சள் நிறம் மங்கினால் வீரியம் போய்விட்டது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும், இந்த வசதி வேறு எதிலும் இல்லை. பிளாஸ்டிக்கில் கறை ஏறும், அதனால் கெடுதல் இல்லை. ஒவ்வொரு நாலைந்து பேட்சுக்கும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். ஒன்றில் தப்பியது மற்றதில் மாட்டும்.

பிளீச்சில் கிருமி சாகும், சந்தேகமில்லை. 5 சதவீதக் கரைசல் லிட்டருக்கு 4 மி.லி., 20 நிமிடம். முக்கி எடுப்பது போதாது. அதன் பிறகு கொதித்து ஆறிய நீரில் பல தடவை அலச வேண்டும். மிஞ்சிய குளோரின் மால்ட்டின் பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனால் ஆகும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாசனை வரும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஸ்டீலில் குழி விழும். உங்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை: ஸ்டார் சான் ஓர் அமிலம். பிளீச் மிஞ்சிய வாளியில் அதை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். ஒரே நாளில் இரண்டையும் பயன்படுத்தினால் நடுவில் தண்ணீரால் தாராளமாக அலசாமல் இருக்கவே கூடாது. வினிகரும் அப்படித்தான்.

வெப்பம் எதையும் மிச்சம் வைக்காது, இடுக்குக்குள்ளும் போகும். சிறிய உலோகச் சாமான், ஈஸ்ட் ஸ்டார்ட்டர் குடுவை எல்லாம் பிரஷர் குக்கரில் 121 டிகிரியில் 20 நிமிடம். கண்ணாடிப் பாட்டிலை, வாயில் அலுமினியத் தாள் சுற்றி, குளிர்ந்த பேக்கிங் அவனில் வைத்து மெதுவாக 170 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வைத்து, அவனுக்குள்ளேயே ஆறவிடலாம். அடிக்கடி செய்தால் கண்ணாடி பலவீனமாகும் என்பதால் வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஒயின் செய்பவர்கள் நம்பும் மெட்டாபைசல்பைட் இங்கே உதவாது. அது கிருமியை அடக்கிவைக்கும், பீர்ச் சாமானுக்கு அது போதாது.

பாட்டிலுக்குப் பதில் கெக் (பீர் அடைக்கும் உலோகப் பீப்பாய்) பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் இதே விதிதான்: அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு, இரண்டு போஸ்ட், பாப்பெட், டிப் குழாய், மூடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். கார்னி கெக்கில் ஐந்து ஓ-ரிங். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு இடுக்கு.

செய்ததெல்லாம் பலித்ததா என்று அறிய ஒரு சோதனை உண்டு. காய்ச்சும் நாளில், ஆறிய வோர்ட் எல்லாக் குழாயும் கடந்து ஃபெர்மென்டருக்குள் வந்த பிறகு, ஈஸ்ட் போடுமுன், பிரஷர் குக்கரில் வைத்தெடுத்த சின்னக் கண்ணாடி ஜாடியில் 100 மி.லி. பிடியுங்கள். அலுமினியத் தாளால் தளர்வாக மூடி 25 முதல் 30 டிகிரியில் வையுங்கள். மூன்று நாள் தெளிவாக, குமிழியில்லாமல் இருந்தால் காய்ச்சும் பக்கம் சுத்தம். ஒரே நாளில் கலங்கி நுரைத்தால் வால்வையும் குளிர்விப்பானையும் திரும்பப் பாருங்கள். அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டாம். பீருக்கு ஆல்கஹாலும் அமிலத்தன்மையும் தரும் பாதுகாப்பு அந்த வோர்ட்டுக்குக் கிடையாது.

அடுத்த பேட்சுக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது: டியூப், டேப், வாஷர், நிரப்புக் குழல் நான்கையும் புதிதாக வாங்குங்கள். வாளியின் உட்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்து, கீறல் இருந்தால் அதைத் தானியம் வைக்கத் தள்ளிவிட்டு வேறு வாளி எடுங்கள். கீறல் இல்லையென்றால் பெர்கார்பனேட்டில் ஒரு இரவு, அலசல், பிளீச்சில் 20 நிமிடம், தாராளமாக அலசல், திறந்து காயவிடுதல். ஐம்பது பாட்டிலையும் அதே பெர்கார்பனேட் ஊறலுக்கு அனுப்புங்கள்.

மிச்சமிருக்கும் கெட்ட பாட்டில்களை வெறும் கையால் தொடாதீர்கள். உள்ளே அழுத்தம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். தடித்த கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டு, மூடியுள்ள பெட்டியில் வைத்து ஒரு நாள் முழுக்கக் குளிரூட்டுங்கள். குளிர்ந்தால் வாயு பீரில் கரைந்து அழுத்தம் தணியும். பிறகு ஒவ்வொன்றாக, ஈரத்துணி சுற்றி, தொட்டிக்குள் சாய்த்து, மூடியை மெல்ல நெம்பி வாயு சீறி அடங்கும்வரை காத்திருந்து திறவுங்கள். அந்தத் தொட்டியையும் ஓப்பனரையும் அன்றே கழுவிவிடுங்கள். புதிய டேப்பை அதே தொட்டியில்தானே அலசப் போகிறீர்கள்.